பவளத்திட்டு மீன்களின் லார்வாவை இனங்காண்பது எப்படி?

வண்ணத்துப்பூச்சி மீனின் லார்வாவில், அதாவது முட்டையிலிருந்து வந்து இன்னும் உருமாறாத குஞ்சில், மஞ்சளும் இருக்காது, கோடும் இருக்காது. தலையை எலும்புத் தகடுகள் கவசம் போல மூடியிருக்கும். அணில் மீனின் லார்வாவுக்கு மூக்கு நுனியில் ஈட்டி நீட்டிக்கொண்டிருக்கும். சர்ஜன் மீனின் லார்வா ஒரு கண்ணாடித் தகடு. 19ஆம் நூற்றாண்டில் இவற்றைத் தனித்தனிப் பேரினங்கள் என்றே எண்ணி, தோலிக்திஸ், ரிங்கிக்திஸ், அக்ரோனூரஸ் என்றெல்லாம் பெயர் வழங்கினார்கள். பெரிய மீனும் இதுவும் ஒன்றுதான் என்று தெரிந்தபின் அந்தப் பெயர்கள் லார்வா நிலையின் பெயர்களாக மட்டும் மிஞ்சின.

அதனால் லார்வாவில் வளர்ந்த மீனின் சாயலைத் தேடாதீர்கள், எண்ணுங்கள். உடல் தசைத்துண்டங்களும் (பக்கவாட்டுத் தசையின் அடுக்கடுக்கான பிரிவுகள்), துடுப்பு முட்களும், மென்கதிர்களும் (துடுப்பைத் தாங்கும் வளையும் தண்டுகள்) ஒருமுறை முழுமையாக உருவாகிவிட்டால் கடைசிவரை ஏறக்குறைய அதே எண்ணிக்கையில்தான் இருக்கும். வடிவம் வாரத்துக்கு வாரம் மாறும். நிறமி மாலையில் ஒரு மாதிரி, இரவில் ஒரு மாதிரி இருக்கும். நம்பத் தகுந்ததில் தொடங்கி நம்பத் தகாததில் முடிப்பதுதான் இந்த வேலையின் ஒழுங்கு.

நுண்ணோக்கியைத் தொடும் முன் ஒரு பட்டியல்

மாதிரி எடுத்த கடற்பகுதியில் இருக்கும் பவளத்திட்டு மீன் குடும்பங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே முள்ளெலும்புகளின் எண்ணிக்கை (லார்வாவின் தசைத்துண்டங்களும் ஏறக்குறைய இதே அளவில் இருக்கும்), முதுகுத் துடுப்பின் முட்களும் கதிர்களும், குதத் துடுப்பின் முட்களும் கதிர்களும், வால் துடுப்பின் முதன்மைக் கதிர்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வளர்ந்த மீன்களைப் பற்றிய எந்த நல்ல வகைப்பாட்டுக் கையேட்டிலும் இந்த எண்கள் கிடைக்கும். ஒரு நாள் வேலைதான். ஆனால் இது இல்லாமல் உட்காருபவர் ஒவ்வொரு லார்வாவுக்கும் கையேட்டைத் தொடக்கத்திலிருந்து புரட்ட வேண்டியிருக்கும்.

எந்தக் கருவியில் பிடித்தது என்பதையும் பட்டியலின் தலைப்பில் எழுதுங்கள். 300 முதல் 500 மைக்ரான் கண்ணளவுள்ள இரட்டை வளைய வலையை இழுத்தால் 2 மி.மீ. குஞ்சிலிருந்து எல்லா நிலையும் வரும். விளக்குப் பொறியில் விழுவது பெரும்பாலும் திட்டில் குடியேறத் தயாராகிவிட்ட, வெளிச்சத்தைத் தேடி வரும் பெரிய லார்வாக்கள்தாம். டாம்செல் மீன்கள் அதில் ஏராளமாக வரும். கிளிமீன் லார்வா விளக்குப் பொறியில் கிடைக்கவில்லை என்பதற்காக அது அந்தக் கடலில் இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

பதப்படுத்தும்போதே பாதி வேலை முடிகிறது, அல்லது கெடுகிறது

ஒரே மாதிரியை இரண்டாகப் பிரித்து இரண்டு விதமாகப் பதப்படுத்துவது நல்லது. உடலமைப்பைப் பார்க்கும் பாதிக்கு ஃபார்மலின்: கடையில் வரும் அடர் ஃபார்மலின் 1 பங்கு, கடல்நீர் 9 பங்கு. இது ஏறக்குறைய 4 சதவீத ஃபார்மால்டிஹைடு. மரபணுவும் செவிக்கல்லும் (உள்செவியிலுள்ள சுண்ணாம்புக் கல்) வேண்டிய பாதிக்கு 95 சதவீத எத்தனால். ஜாடியில் மிதவையுயிரிகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அடைத்து வைத்தால் நடுவில் இருப்பவை அழுகிவிடும். எத்தனாலை 24 மணி நேரத்துக்குள் ஒருமுறை மாற்றிவிடுங்கள். திசுவிலிருந்து கசியும் நீர் அதை நீர்த்துப்போகச் செய்கிறது.

ஃபார்மலின் நாளடைவில் அமிலமாகும். அமிலம் எலும்பின் சுண்ணாம்பைக் கரைத்துவிடும். செவிக்கல் முதலில் போகும், பிறகு முட்கள் துவளும், பின்னால் சாயம் ஏற்றினால் எதுவும் பிடிக்காது. இதைத் தடுக்க போராக்ஸ் சேர்த்து நடுநிலைப்படுத்துவது வழக்கம். ஆனால் போராக்ஸைக் கை நிறைய அள்ளிப் போட்டால் காரத்தன்மை ஏறி, நாள்பட்ட மாதிரிகளின் தசை கண்ணாடி போலத் தெளிந்து நிறமியும் மங்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை பி.எச். தாளால் சோதித்து, 7க்குச் சற்று மேலே வைத்துக்கொண்டால் போதும். ஃபார்மலின் ஜாடியைத் திறக்கும்போது கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். பிரித்தெடுத்த லார்வாக்களை 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றிவிட்டு மேசையில் வைத்துப் பார்ப்பதே மூக்குக்கும் கண்ணுக்கும் நல்லது.

உயிரோடு கிடைத்தால், பதப்படுத்துமுன் இடப்பக்கம் தெரியும்படி ஒரு படம் எடுத்துவிடுங்கள். சிவப்பு, மஞ்சள் நிறமிகள் பதப்படுத்தியபின் மறைந்துவிடும். கருநிறமி மட்டுமே தங்கும். இடப்பக்கம் என்பதற்குக் காரணம் உண்டு: லார்வாக்களின் வரைபடங்கள் வழக்கமாக இடப்பக்கத்தையே காட்டுகின்றன. மரபணுச் சோதனைக்குத் திசு வெட்டுவதானாலும், ஊசியால் துடுப்பைப் பிரிப்பதானாலும் வலப்பக்கத்தில் செய்யுங்கள்.

முதலில் நிலை, பிறகுதான் பெயர்

வாலின் முனையைப் பாருங்கள். முதுகுநாண் (முதுகெலும்புக்கு முன்னோடியான தண்டு) நேராகவே ஓடி முடிகிறது என்றால் வளைவுக்கு முந்திய நிலை. முனை மேல்நோக்கித் திரும்பிக்கொண்டிருக்கிறது, அதன் அடியில் வால் கதிர்கள் சாய்வாக முளைத்திருக்கின்றன என்றால் வளைவு நிலை. கதிர்களின் அடித்தட்டு செங்குத்தாகிவிட்டால் வளைவுக்குப் பிந்திய நிலை. இவற்றுக்கு முன்னால் மஞ்சள்கருப் பை நிலை இருக்கிறது. கடைசியில் திட்டில் குடியேறி உருமாறும் நிலை.

நீளம் அளக்கும் முறையும் இதைப் பொறுத்தே மாறும். வளைவு முடியும்வரை மூக்கு நுனியிலிருந்து முதுகுநாணின் முனைவரை. முடிந்தபின் மூக்கு நுனியிலிருந்து வால் அடித்தட்டின் விளிம்புவரை. இரண்டையும் ஒரே பெயரில் எழுதிவைத்தால், வளைவின்போது மீன் குட்டையாகிவிட்டது போல ஒரு போலி வளர்ச்சிக் கோடு கிடைக்கும். பதப்படுத்தும்போது உடல் சுருங்கும் என்பதால் எந்தத் திரவத்தில் இருந்தபோது அளந்தது என்பதையும் எழுதுங்கள்.

நிலை முக்கியமாவது ஏன்? மிதக்கும் முட்டையிலிருந்து வரும் லார்வா சுமார் 1.5 முதல் 2.5 மி.மீ. நீளத்தில், வாய் திறக்காமல், கண்ணில் நிறமி ஏறாமல் இருக்கும். களவா, செப்பிலி, கிளிமீன், வண்ணத்துப்பூச்சி மீன் எல்லாம் இப்படித்தான். அடியில் ஒட்டிய முட்டையிலிருந்து வரும் டாம்செல், கோமாளி மீன், உளுவை, பிளென்னி ஆகியவையும், வாயில் வைத்து அடைகாக்கப்படும் கார்டினல் மீனும் பிறக்கும்போதே கறுத்த கண்ணும் திறந்த வாயும் கொண்டவை. 2.5 மி.மீ. லார்வா ஒன்றுக்கு மஞ்சள்கரு ஏறக்குறையத் தீர்ந்து, கண் கறுத்து, குடல் சுருண்டிருந்தால் இந்த இரண்டாம் கூட்டத்தில் தேடலாம். ஓரா மீன் இதைக் குழப்பும்: முட்டை பொதுவாக அடியில் ஒட்டும், குஞ்சோ முதற்கூட்டத்தைப் போலவே பிஞ்சாகப் பொரியும்.

மஞ்சள்கருப் பை நிலையில் உள்ளதற்கு உடலமைப்பை மட்டும் வைத்து இனப் பெயர் எழுதுவது ஜோசியம்தான். தயங்காமல் ஓரமாக வையுங்கள்.

எண்ணும் விதம்

ஸ்டீரியோ நுண்ணோக்கியில் 10 முதல் 50 மடங்கு உருப்பெருக்கம் போதும். கீழிருந்து ஒளி விட்டு, லார்வாவுக்கு மேலும் கீழும் இரண்டு போலராய்டு தாள்கள் வைத்து, ஒன்றை மெல்லச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் பின்னணி கறுத்து, தசைத்துண்டங்கள் வெள்ளைச் சரங்களாக ஒளிரும். எண்ணுவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

தசைத்துண்டங்களின் மொத்த எண்ணிக்கையை மட்டும் எடுங்கள். குதத்துக்கு முன் எத்தனை, பின் எத்தனை என்ற பிரிப்பு உதவும்தான், ஆனால் குதம் வளர வளர இடம்பெயரும். முதல் துண்டம் செவிப்பகுதிக்குப் பின்னால் பாதி மறைந்திருக்கும்; கடைசித் துண்டம் வாலில் மங்கிப்போகும். இந்த இரண்டு முனைகளில்தான் எண்ணிக்கை பிசகுகிறது. மூன்று முறை எண்ணி, இரண்டு முறை ஒத்துவந்ததை எழுதுங்கள். ஒன்று கூடக் குறைய இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எண் கிடைத்ததும் களம் சட்டென்று சுருங்கும். 100க்கு மேல், இலை போல ஒளி ஊடுருவும் உடல் என்றால் விலாங்கு வகை. 40க்கு மேல், நேரான நீண்ட குடல், குதம் வெகு பின்னால் என்றால் சாளை, நெத்திலிக் கூட்டம். இன்னும் கூடுதலாக, குடல் நெடுகிலும் சோடி சோடியாகக் கரும்புள்ளிகள் இருந்தால் தும்பிலி. 18 அளவில் இருந்தால் கிளாத்தி. 22 அல்லது 23 என்றால் சர்ஜன் மீனையும் ஓராவையும் நினையுங்கள். நடுவில் 24 முதல் 27 வரை ஒரு பெரும் நெரிசல்: களவா, செப்பிலி, விளமீன், நவரை, கார்டினல், வண்ணத்துப்பூச்சி மீன் எல்லாம் 24, கிளிமீன் 25, டாம்செல் 26. உங்கள் நேரத்தில் பெரும்பகுதி இந்த நெரிசலில்தான் போகும். அதைப் பிரிக்கத் துடுப்பு வேண்டும்.

துடுப்பு எண்ணும்போது பலரும் இடறும் இடம் ஒன்று. வளர்ந்த மீனில் குதத் துடுப்பின் மூன்றாவது முள்ளாக இருப்பது, பல குடும்பங்களில் லார்வாவில் மென்கதிராகத்தான் முளைக்கிறது. பிற்பாடுதான் முள்ளாக மாறுகிறது. 3 முள், 8 கதிர் உள்ள மீன் லார்வாவில் 2 முள், 9 கதிராகத் தெரியும். கையேட்டில் 2 முள் உள்ள குடும்பத்தைத் தேடினால் டாம்செல், கார்டினல் பக்கம் போய் மாட்டிக்கொள்வீர்கள். முள்ளும் கதிரும் சேர்ந்த மொத்த எண்ணிக்கையை முதலில் ஒப்பிடுங்கள். பிரிப்பைப் பிறகு பாருங்கள். முதுகுத் துடுப்பின் கடைசி முள்ளிலும் இதே விளையாட்டு உண்டு. கதிரே முளைக்கவில்லை, அடித்தண்டுகள் மட்டும் மொட்டு மொட்டாகத் தெரிகின்றன என்றால் அந்த மொட்டுகளை எண்ணலாம்.

சந்தேகத்துக்கு இடமில்லாத சில எண்கள் மனப்பாடமாக இருக்கட்டும். ஓராவுக்கு முதுகில் 13 முள், குதத்தில் 7 முள், இடுப்புத் துடுப்பில் இரு ஓரத்திலும் முள், நடுவே 3 கதிர். இந்த அமைப்பு வேறு எந்தக் குடும்பத்துக்கும் கிடையாது. கிளிமீனுக்கு முதுகில் 9 முள் 10 கதிர், குதத்தில் 3 முள் 9 கதிர். வால் துடுப்பின் முதன்மைக் கதிர்கள் இந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவற்றுக்கு 17, சர்ஜன் மீனுக்கு 16, கிளாத்திக்கு 12.

தலையில் முள் உண்டா, இல்லையா?

கன்னத்துக்குப் பின்னால், செவுள் மூடியின் முன்னெலும்பின் மூலையைப் பாருங்கள். நீண்ட முள் இருந்தால் களவா, செப்பிலி, அணில் மீன், பாரை மீன் என்று ஒரு பக்கம் திரும்பலாம். தலை வழவழவென்று இருந்தால் ராஸ், கிளிமீன், உளுவை, டாம்செல் பக்கம். கண்ணுக்கு மேலும் தலையின் பின்புறமும் முகடுகள் எழுந்து, மார்புத் துடுப்பு விசிறி போல விரிந்திருந்தால் தேள் மீனும் அதன் உறவுகளும். முள் தெரியவில்லை என்றதும் "இல்லை" என்று எழுதாதீர்கள். வலையில் உரசி ஒடிந்திருக்கலாம். முள்ளின் அடியில் முறிவு தெரிகிறதா என்று பக்கவாட்டு ஒளியில் பாருங்கள். மெல்லிய முள் தெரியாவிட்டால் சயனின் நீலம் போன்ற தற்காலிகச் சாயத்தில் சற்று நேரம் ஊறவைத்தால் எலும்பு விளிம்புகள் எடுப்பாகத் தெரியும். எத்தனாலில் கழுவினால் சாயம் போய்விடும்.

வழவழத் தலைக்காரர்களுக்குள் பிரிக்க வயிற்றைப் பாருங்கள். உளுவையில் காற்றுப்பை துலக்கமாக, மேலே நிறமித் தொப்பியோடு உடலின் நடுவே தெரியும். உடல் நீளம், முதுகுத் துடுப்பு இரண்டு. கார்டினல் மீனுக்கும் காற்றுப்பை பெரிது, ஆனால் உடல் தடிமன், வாயும் பெரிது. டாம்செலின் குடல் சுருண்டு குட்டையாக இருக்கும். முதுகுத் துடுப்பு ஒன்றே. பிளென்னியின் குடல் இன்னும் குட்டை, தசைத்துண்டம் 30ஐத் தொட்டுத் தாண்டும், மார்புத் துடுப்பில் பல இனங்களுக்குக் கரு நிறமி ஏறியிருக்கும். ராஸ், கிளிமீன் லார்வாக்கள் வெளிறியவை. கிளிமீனுக்கு வாலின் அடிவிளிம்பில் சிறு கரும்புள்ளிகள் வரிசையாக இருப்பது நல்ல துப்பு.

ஒரு லார்வாவைக் கையில் எடுத்துப் பார்ப்போம்

7 மி.மீ., வளைவு முடிந்தது. முதுகில் ஒரு முள் உடல் நீளத்தில் பாதியைத் தாண்டி நிற்கிறது. இடுப்பில் இரண்டு முட்கள் அதேபோல நீண்டு பின்னால் சரிந்திருக்கின்றன. பக்கவாட்டில் பார்த்தால் பட்டம் மாதிரி. மூன்று குடும்பங்கள் போட்டியிடும்: களவா, செப்பிலி, சர்ஜன் மீன்.

குதத் துடுப்பின் இரண்டாவது முள் முதலில். அதுவும் முதுகு முள்ளோடு போட்டிபோட்டு நீண்டிருந்து, உடல் தட்டையாக, உயரமாக, வாய் ஊசிமுனை அளவில் இருந்தால் சர்ஜன் மீன். தசைத்துண்டத்தையும் வால் கதிரையும் எண்ணி உறுதிப்படுத்திவிடலாம். நம் மாதிரியில் குத முள் குட்டை. சர்ஜன் மீன் வெளியே போனது.

இனி களவாவா, செப்பிலியா? தசைத்துண்டம் இரண்டுக்கும் 24, உதவாது. நீண்டது எத்தனையாவது முள் என்று பாருங்கள். இரண்டாவது, அதுவும் இரண்டுக்கும் பொது. உருப்பெருக்கத்தை 40க்கு ஏற்றி முள்ளின் விளிம்பைப் பின்தொடருங்கள். அடியிலிருந்து நுனிவரை கொக்கி போன்ற ரம்பப் பற்கள் வலுவாக எழுந்து நிற்கின்றன. செப்பிலியின் முள் பெரும்பாலும் வழவழப்பு, அல்லது மெல்லிய கீறல். தராசு களவா பக்கம் சாய்கிறது. அடுத்தது வாலின் அடிப்பகுதி: களவாவில் ஒரே ஒரு பெரிய கருநிறமிச் செல் வாலின் அடிவிளிம்பில் தொடங்கி, வளர வளர வால்காம்பின் நடுப்பக்கத்துக்கு நகரும். செப்பிலியில் சிறு புள்ளிகள் வரிசையாக இருக்கும். நம் மாதிரியில் ஒற்றைப் புள்ளி, வால்காம்பில். கடைசியாக முதுகு முட்களின் எண்ணிக்கை: எபினெஃபெலஸ் பேரினத்துக்கு 11, செப்பிலிகளின் லுட்ஜானஸ் பேரினத்துக்கு வழக்கமாக 10. கடைசி முள் இன்னும் கதிர் வேடத்தில் இருக்கலாம் என்பதை நினைவில் வைத்து எண்ணினால் 10 முள்ளும் ஒரு தடித்த கதிரும்.

களவா என்று எழுதலாம். எந்தக் களவா? உடலமைப்பு இங்கே வாயை மூடிக்கொள்கிறது. களவா இனங்களின் எண்ணிக்கைகள் ஒன்றன்மேல் ஒன்று கவிந்து கிடப்பவை.

நிறமி சொல்வதும் மறைப்பதும்

நிறமி எங்கே இருக்கிறது என்பதை எழுதுங்கள், எவ்வளவு கறுப்பு என்பதை அல்ல. ஒரே கருநிறமிச் செல் சுருங்கினால் புள்ளி, விரிந்தால் நட்சத்திரம், இன்னும் விரிந்தால் பட்டை. வெளிச்சத்தையும் இறந்த விதத்தையும் பொறுத்து அது மாறும். மூளையின் மேல், காற்றுப்பையின் மேல், குடலின் மேல்விளிம்பு, வாலின் அடிவிளிம்பு, வால்காம்பு ஆகிய ஐந்து இடங்களை வரிசையாகப் பார்த்துக் குறித்தால் எதுவும் தவறாது. முதலில் வெள்ளைப் பின்னணியில் பாருங்கள், பிறகு கறுப்பில். தோலின் மேலுள்ள நிறமியும் உள்ளுறுப்பின் மேலுள்ள நிறமியும் ஒரே இடம் போலத் தெரியும். மீனைச் சற்றுப் புரட்டினால் வித்தியாசம் புரியும்.

சாயமும் மரபணுவும்

ஒரு குடும்பத்தில் பத்துப் பதினைந்து மாதிரிகள் சேர்ந்துவிட்டால் ஒன்றிரண்டை எலும்புச் சாயத்துக்கு ஒதுக்குங்கள். எலும்புக்கு அலிசரின் சிவப்பு, குருத்தெலும்புக்கு அல்சியன் நீலம். அல்சியன் கரைசலில் அமிலம் இருப்பதால், சின்ன லார்வாவை அதில் நெடுநேரம் விட்டால் எலும்பின் சுண்ணாம்பு கரைந்து பிறகு சிவப்பே ஏறாது. 5 மி.மீ. அளவுள்ளதைச் சில மணி நேரத்திலேயே எடுத்துவிடுங்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 0.5 முதல் 1 சதவீதத்தில் தெளியவைத்து, கிளிசரினைப் படிப்படியாகக் கூட்டிச் செல்லுங்கள். அவசரப்பட்டு நேராகச் சுத்த கிளிசரினில் போட்டால் உடல் வதங்கிச் சுருளும்.

இனப் பெயர் வேண்டுமென்றால் எத்தனாலில் வைத்த பாதிதான் கைகொடுக்கும். வலது கண்ணோ வலப்பக்க வால்தசையில் ஒரு துணுக்கோ போதும், இனங்களைப் பிரித்தறியப் பயன்படும் சி.ஓ.ஐ. மரபணுவில் ஏறக்குறைய 650 கார இணைகள் (டி.என்.ஏ. எழுத்துகள்) கொண்ட பகுதி பொதுவாக வாசிக்கப்படுகிறது. குடலைத் தொடாதீர்கள், அது தின்ற மீனின் பெயர் வந்து நிற்கும். ஒவ்வொரு மாதிரிக்கும் இடுக்கியைச் சுடரில் காட்டுங்கள். விடை வந்ததும் தசைத்துண்டம், துடுப்பு எண்ணிக்கைகளோடு ஒத்துப் பாருங்கள். 98 சதவீத ஒற்றுமை என்று திரையில் வந்தாலும், அந்த இனத்துக்கு முதுகில் 10 முள், உங்கள் மாதிரியில் 13 என்றால் குழாய் மாறியிருக்கிறது. ஒற்றுமை அதைவிடக் குறைவாக இருந்தால், சரியான இனம் தரவுத்தளத்தில் இல்லாமல் பக்கத்து உறவு விடையாக வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொரு வழியும் உண்டு, அதற்கு வேண்டியது பொறுமை. விளக்குப் பொறியில் உயிரோடு விழுந்த பெரிய லார்வாக்களில் ஒரே மாதிரியானவற்றைப் பிரித்து, பாதியைப் பதப்படுத்தி, மீதியை மீன்தொட்டியில் சில வாரங்கள் வளர்த்துவிடுங்கள். குடியேறும் நிலையில் இருப்பவை வெகு விரைவில் நிறம் மாறி, பெயர் சொல்லும் குட்டிகளாகிவிடும். அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்: பெயர் தெரிந்த குட்டி, அதற்கு முந்திய அளவு, அதற்கும் முந்தியது. இடைவெளி விழுந்த அளவில் தொடரை நிறுத்திவிட வேண்டும், 12 மி.மீ. மாதிரிக்கும் 5 மி.மீ. மாதிரிக்கும் நடுவே எதுவும் இல்லாமல் இரண்டும் ஒன்றே என்று கோடு போடக் கூடாது.

சீட்டில் என்ன எழுதுவது

ஒவ்வொரு குப்பிக்குள்ளும் பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்று இருக்கட்டும்; பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். நிலை, நீளம், எந்த அளவீடு, பதப்படுத்திய திரவம், எண்ணிக்கைகள், பெயர். பெயரை ஆதாரம் எட்டிய மட்டத்தில் நிறுத்துங்கள். பேரினம்வரை தெரிந்து, தெளிவாக ஒரே மாதிரி இருப்பவற்றை "லுட்ஜானஸ் வகை 1" என்று எழுதி, வகை 1 என்றால் என்ன என்பதற்கு ஒரு படமும் நான்கு வரியும் தனியாக வைத்துக்கொண்டால், பெயர் கிடைக்கிற நாளில் மொத்தக் குப்பிகளையும் ஒரே மாலையில் திருத்திவிடலாம். ஊகித்து எழுதிய இனப் பெயருக்கு அந்த வசதி கிடையாது. எது ஊகம், எது எண்ணியது என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது.